பாழ் நிலம் என்றொரு கதை: வில்லியம் மாண்ட்கோமரியின் குடும்பச் சரித்திரம்

நிலம் கைமாறிய கதையைப் பெரும்பாலும் வாங்கியவனின் பேரன்தான் எழுதுகிறான். இழந்தவனின் பேரனுக்கு அதற்கு நேரமும் இருப்பதில்லை, தாளும் இருப்பதில்லை. அயர்லாந்தின் வடகிழக்கு மூலையில், பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் அப்படி எழுத உட்கார்ந்த ஒரு பேரனின் நூலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நூலின் பெயர் 'தி மாண்ட்கோமரி மேனுஸ்கிரிப்ட்ஸ்'. எழுதியவர் வில்லியம் மாண்ட்கோமரி.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1633-இல் டைரோன் பகுதியில், தாய்வழித் தாத்தாவின் வீட்டில் பிறந்தவர். அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே ஸ்காட்லாந்திலிருந்து வந்து அயர்லாந்தில் நிலம் பெற்ற குடும்பங்கள். எட்டு வயதில் 1641 கிளர்ச்சி வெடித்தது. நிலம் இழந்த ஐரிஷ்காரர்கள் ஆயுதம் எடுத்தார்கள். வில்லியமின் குடும்பம் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பிறகு ஹாலந்தின் லைடனில் படித்தார். அப்பா கடலில் கொள்ளையர்களோடு நடந்த மோதலில் இறந்துபோனார். க்ரோம்வெல் காலத்தில் குடும்பம் நொடித்தது. மன்னராட்சி திரும்பியதும் கொஞ்சம் எழுந்தது. 1661-இல் நியூட்டனார்ட்ஸ் ஊரின் சார்பில் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த ஊருக்கு நாடாளுமன்ற இடம் எப்படி வந்தது தெரியுமா? அவருடைய தாத்தா உருவாக்கிய ஊர் அது. 1613-இல் அரசர் சாசனம் கொடுத்து அதை நகராக்கினார். தலைவர் ஒருவரும் பன்னிரண்டு உறுப்பினர்களும் கொண்ட சபைதான் வாக்காளர் கூட்டம். தாத்தா நட்ட மரத்தில் பேரன் பழம் பறித்தார், அவ்வளவுதான்.

அறுபது வயதைத் தாண்டியபின், 1696 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், ரோஸ்மவுண்ட் என்ற தன் வீட்டில் இருந்தபடி குடும்பச் சரித்திரத்தை எழுதினார். 1707-இல் இறந்தார். கையெழுத்தாகவே கிடந்த பக்கங்கள் 1830-இல் நூலாக வந்தன. 1869-இல் ஜார்ஜ் ஹில் என்ற பாதிரியார், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியின் நூலகர், விரிவான குறிப்புகளோடு பதிப்பித்தார். இணையத்தில் ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கும் அந்தப் பதிப்பைத்தான் நான் வாசித்தேன். பல பக்கங்களில் மூலம் மேலே நாலைந்து வரிதான். மீதி முழுக்க ஹில்லின் அடிக்குறிப்பு. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அடிக்குறிப்புகளைத் தாண்டிக் குதித்து வாசிப்பவர்கள் நூலின் பாதியை இழக்கிறார்கள்.

ஒரு சொல்லை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'பிளான்டேஷன்' என்றதும் மலேசியத் தமிழ் வாசகருக்கு ரப்பர் மரம், லயம், கங்காணி என்று வரிசையாக நினைவுக்கு வரும். அயர்லாந்தில் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நடப்பட்டது பயிர் அல்ல, ஆட்கள். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்களைக் கொண்டுவந்து ஐரிஷ் கத்தோலிக்கர்களின் நிலத்தில் குடியேற்றுவதுதான் பிளான்டேஷன். அல்ஸ்டரின் ஆறு மாவட்டங்களில் அரசே நடத்திய குடியேற்றம் 1609-இல்தான் திட்டமானது. அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 1606-இல், டவுன் மாவட்டக் கடற்கரையில் இரண்டு தனிமனிதர்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஒருவர் வில்லியமின் தாத்தா ஹ்யூ மாண்ட்கோமரி. இன்னொருவர் ஜேம்ஸ் ஹாமில்டன்.

அவர்களுக்கு நிலம் கிடைத்த கதை நாவலுக்கு நிகரானது. எலிசபெத் அரசியின் கடைசி நாட்களில், பெல்ஃபாஸ்ட்டை ஒட்டிய காசல்ரே குன்றில் கான் ஓநீல் விருந்து நடத்துகிறார். மேல் க்ளான்டிபாய் முழுக்க அவருடைய நிலம். விருந்தில் ஒயின் தீர்ந்துவிடுகிறது. பெல்ஃபாஸ்ட்டுக்கு ஆள் அனுப்புகிறார். திரும்பும் வழியில் ஆங்கிலச் சிப்பாய்கள் ஒயினைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு வந்த ஆட்களைக் கான் திட்டித் திருப்பி அனுப்ப, கைகலப்பில் ஒரு சிப்பாய் செத்துப்போகிறான். அரசிக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்று கானைக் கேரிக்ஃபெர்கஸ் கோட்டையில் அடைக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஏர்ஷயரில், பிரேட்ஸ்டேன் என்ற சின்னப் பண்ணையின் சொந்தக்காரரான ஹ்யூவுக்கு இது காதில் விழுகிறது. உன்னைத் தப்ப வைத்து அரச மன்னிப்பும் வாங்கித் தருகிறேன், பாதி நிலத்தைக் கொடு என்பது பேரம். கேரிக்ஃபெர்கஸுக்கு வியாபாரமாகக் கப்பல் ஓட்டும் தாமஸ் மாண்ட்கோமரி என்ற உறவினர் நகரச் சிறை அதிகாரியின் மகளைக் காதலித்துக் காரியம் சாதிக்கிறார். கானின் மனைவி இரண்டு பெரிய பாலாடைக்கட்டிகளைக் குடைந்து உள்ளே கயிறு வைத்துக் கொண்டுபோகிறாள். கயிற்றில் இறங்கி, கப்பலேறி, ஸ்காட்லாந்து.

சும்மா சொல்லக்கூடாது, வில்லியமுக்குக் கதை சொல்லத் தெரியும். இந்தப் பகுதியை ஒரே மூச்சில் வாசித்தேன். ஆனால் இதே நூலில் சில பக்கங்கள் முன்னால் போனால் ஹாலந்தில் நடக்கும் ஒரு சம்பவம் வருகிறது. இளம் வயதில் ஹ்யூ தன் குடும்பப் பகையாளியான கன்னிங்ஹாம் ஒருவரைத் துரத்திக்கொண்டு ஹேக் நகரம்வரை போய் வாளால் குத்துகிறார். கத்தி இடுப்புவாரின் வளையத்தில் பட்டு ஆள் பிழைத்துக்கொள்கிறார். ஹ்யூ சிறையில் அடைக்கப்படுகிறார். ராபர்ட் மாண்ட்கோமரி என்ற உறவினர் சிறை அதிகாரியின் மகளைக் காதலித்துக் கல்யாணமும் செய்து ஹ்யூவை வெளியே கொண்டுவருகிறார். இரண்டு சிறை, இரண்டு அதிகாரிகள், இரண்டு மகள்கள், இரண்டு மாண்ட்கோமரிகள்!

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரு குடும்பத்தில் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைகள் ஒரே அச்சுக்கு வந்து சேர்வதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கதையின் அச்சு யாருக்கு என்ன வேலை கொடுக்கிறது என்பதைப் பாருங்கள். மாண்ட்கோமரிகள் எப்போதும் துணிச்சலானவர்கள், விசுவாசமானவர்கள், பெண்களுக்குப் பிடித்தவர்கள். கான் குடிகாரர், முன்கோபி, காப்பாற்றப்பட வேண்டியவர். தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஹ்யூவுக்கு 'அவர்' என்றும் கானுக்கு 'அவன்' என்றும்தான் கை தானாக எழுதும். அந்தத் தொனிக்கு ஒரு வேலை இருக்கிறது. கான் நிதானமானவராக இருந்தால், சிறைப்பட்டவரிடம் பாதி நிலத்தைக் கேட்பது மிரட்டிப் பறிப்பதாகிவிடும். கான் குடிகாரராக இருந்தால் அது உதவி. சிப்பாய்கள் வழியில் ஒயினைப் பிடுங்கியது இந்தக் கதையில் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை.

பேரம் முழுதாக நிறைவேறவில்லை. நடுவில் ஹாமில்டன் நுழைகிறார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகன், டப்ளினில் பள்ளிக்கூடம் நடத்தியவர், ட்ரினிட்டி கல்லூரியின் தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவர், கூடவே ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸின் ஒற்றர். ஆள் கெட்டிக்காரர். ஜேம்ஸ் இப்போது இங்கிலாந்துக்கும் அரசர். இவ்வளவு நிலம் இரண்டு பேருக்கு அதிகம் என்று அரசர் காதில் ஓதப்படுகிறது. 1605-இல் மூன்றாகப் பிரிகிறது. கடற்கரைப் பகுதிகள் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருவருக்கு. கானுக்கு உள்நாட்டுப் பகுதி.

இனி நூலின் மையமான இடத்துக்கு வருகிறேன். 1606 வசந்தத்தில் குடியேறிகள் வந்திறங்கியபோது நிலம் எப்படி இருந்தது என்று வில்லியம் வர்ணிக்கிறார். அந்த வட்டாரங்கள் பாழாகிக் கிடந்தன; தேடினால் முப்பது குடிசைகள்கூடத் தேறாது; கல் சுவர் என்றால் கூரை இல்லாத தேவாலயங்களும், கிரே அபி மடத்தின் சில நிலவறைகளும், நியூட்டனில் ஒரு பழைய கோட்டையின் அடிக்கட்டையும்தான். குடியேற்றத்தை நியாயப்படுத்த விரும்பிய எல்லாருக்கும் இந்தப் பத்தி பின்னாளில் கைகொடுத்தது. காலி நிலம், உழைக்க வந்த மக்கள், முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நல்ல விளைச்சல்.

தமிழில் 'பாழாகியது', 'பாழாக்கியது' என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. முதலாவதில் நிலம் தானே பாழாகிறது. இரண்டாவதில் யாரோ செய்கிறார்கள். வில்லியமின் பத்தி முழுக்க முதல் வினையில் எழுதப்பட்டது. சரி, யாருதான் பாழாக்கினது?

வரலாறு இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 1570-களின் தொடக்கத்தில் சர் தாமஸ் ஸ்மித் என்ற எலிசபெத்தின் அமைச்சர் இதே ஆர்ட்ஸ் தீபகற்பத்தில் ஆங்கிலக் குடியேற்றம் அமைக்கத் திட்டமிட்டு, ஆள் சேர்க்க அச்சிட்ட விளம்பரமும் வெளியிட்டார். செய்தி க்ளான்டிபாய் ஓநீல்களின் தலைவர் பிரையன் மெக்ஃபெலிமுக்கு எட்டியது. ஆங்கிலப் படை தங்கிவிடக்கூடாது என்று மடங்களையும் தேவாலயங்களையும் அவரே 1572-இல் எரித்தார். ஸ்மித்தின் மகன் அங்கே கொல்லப்பட, திட்டம் கவிழ்ந்தது. 1574-இல் எஸ்ஸெக்ஸ் பிரபு பெல்ஃபாஸ்ட்டில் விருந்தில் இருந்த பிரையனைப் பிடித்து, அவருடைய ஆட்களைக் கொன்று குவித்து, பிறகு அவருக்கும் மரண தண்டனை கொடுத்தார். அப்புறம் ஒன்பதாண்டுப் போர். கேரிக்ஃபெர்கஸ் தளபதி ஆர்தர் சிசெஸ்டர் பயிரையும் வீட்டையும் எரித்துப் பஞ்சத்தை ஆயுதமாக்கினார். 1603-இல் போர் முடிந்தபோது அல்ஸ்டரின் பெரும்பகுதி பட்டினியில் கிடந்தது.

ஆக, கூரையில்லாத அந்தத் தேவாலயங்கள் முந்தைய குடியேற்ற முயற்சி ஒன்றின் தடயங்கள். நிலம் காலியாக இருந்ததால் குடியேறிகள் வந்தார்கள் என்று வில்லியம் சொல்கிறார். குடியேற்ற முயற்சிகளும் போரும் சேர்ந்துதான் அதைக் காலியாக்கின என்று தேதிகள் சொல்கின்றன.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், வில்லியமே சாட்சியைக் கொடுத்துவிடுவதுதான். வந்தவர்கள் முதல் குடிசைகளை எப்படிக் கட்டினார்கள் என்று சொல்லும்போது மண்கட்டி, நாணல் கூரை, மரக்கொம்பு என்று பட்டியல் போடுகிறார். ஆஷ், ஆல்டர், பர்ச் மரங்கள் அங்கேயே கிடைத்தன. முப்பது வயதுக்கு மேற்பட்டவை என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு. 1606-இலிருந்து முப்பதைக் கழித்துப் பாருங்கள், 1576. ஸ்மித்தும் எஸ்ஸெக்ஸும் வந்துபோன காலத்தை ஒட்டி வந்து நிற்கிறது. உழுத நிலத்தில் காடு முளைக்கத் தொடங்கிய தேதியை மரங்களின் வயதே சொல்கிறது. பண்ணை நடத்துகிறவரின் கண், மரத்தைப் பார்த்ததும் வயதை மதிப்பிட்டிருக்கிறது. மரம் ஏன் அங்கே முளைத்தது என்ற கேள்விக்கு மட்டும் அவர் போகவில்லை.

இந்த நூலை வெறும் வெற்றிப் பிரகடனம் என்று தள்ளிவிட முடியாததும் இதனால்தான். விவரங்களை விரும்புகிற எழுத்தாளர் தன் கட்சிக்கு எதிரான விவரங்களையும் அறியாமல் எழுதிவிடுகிறார். வில்லியம் கிழவர்களிடம் கேட்டு எழுதுகிறார். 1607 கோடையில் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரன்ரார் ஆட்கள் துறைமுகத்தில் குதிரையை விட்டுவிட்டுப் படகேறி, டோனகடீயில் வாடகைக்குக் குதிரை எடுத்து, நியூட்டன் சந்தையில் பொருளை விற்று, சாப்பிட்டு, இரண்டு மூன்று மணிநேரம் இருந்துவிட்டு, தூங்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்களாம். கடல் கடக்க மூன்று மணிநேரம். ஏன் இந்தக் கடற்கரை, ஏன் கானுக்கு உள்நாடு என்பதற்கு எந்த அரசாங்க ஆவணமும் இவ்வளவு தெளிவாக விளக்கம் தராது. பாட்டி எலிசபெத் ஷாவைப் பற்றிய பக்கங்களும் அப்படித்தான். தண்ணீர் ஆலைகள் கட்டியது, கூலிக்காரர்களுக்கு வீடும் தோட்டத் துண்டும் பசுவுக்கு மேய்ச்சலும் கொடுத்தது, லினன் நெசவையும் கம்பளி நெசவையும் ஊக்குவித்தது. ஒரு குடியேற்றம் நாளாந்தம் எப்படி ஓடியது என்பது அரசர் கடிதங்களில் இல்லை, இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

அதே வில்லியம் அடுத்து ஒரு பொற்காலத்தை வரைகிறார். எல்லாரும் ஏரும் மண்வெட்டியும் பழத்தோட்டமுமாக இருந்தார்கள். கிழவிகள் நூல் நூற்றார்கள், சின்னப் பெண்கள் பின்னினார்கள். சண்டை இல்லை, வம்பு வக்கீல்கள் இல்லை, குலப்பகை இல்லை. வாசிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தாத்தா ஹ்யூவும் ஹாமில்டனும் எல்லைக்காகவும் பங்குக்காகவும் பல்லாண்டுகள் வழக்காடியவர்கள்; அதையும் இந்த நூலே சொல்கிறது. வக்கீல்கள் இல்லாத பொற்காலத்தை, வக்கீல்களுக்குக் கொட்டிக் கொடுத்த குடும்பத்தின் பேரன் எழுதுகிறார். ஹாமில்டன் தரப்புக்கும் இதுபோல் ஒரு கையெழுத்துப் பிரதி உண்டு. அது 1867-இல், ஹில்லின் பதிப்புக்கு இரண்டே ஆண்டுகள் முன்பு அச்சானது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் இந்தப் பங்குச் சண்டையின் இரண்டு பக்கமும் கிடைக்கும். மூன்றாவது பங்காளி கானின் கையெழுத்துப் பிரதி மட்டும் இல்லை. 1680-இல் க்ளான்டிபாய் ஓநீல்களின் வேறொரு கிளை தங்கள் குலத்தின் மீது பாடப்பட்ட ஐரிஷ் கவிதைகளைத் தொகுத்து வைத்தது. புலவர்கள் புரவலரைப் பாடிய மரபு அது. அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் உரைநடை. நில வழக்கில் எது செல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கான் தன் மூன்றில் ஒரு பங்கையும் துண்டு துண்டாக விற்று 1619 வாக்கில் இறந்தார். ஊதாரித்தனத்தால் அழிந்தவர் என்பதே குடும்பங்களின் தீர்ப்பு. ஹ்யூவும் ஹாமில்டனும் 1622-இல் பிரபுக்களானார்கள். ஆனால் 1675-இல் ஹ்யூவின் கொள்ளுப்பேரன், வில்லியமின் பெரியப்பாவின் பேரன், நியூட்டனார்ட்ஸ் எஸ்டேட்டை சர் ராபர்ட் கோல்வில்லுக்கு விற்றுவிட்டார். குடியேறி எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இருபது வருஷம் கழித்து வில்லியம் எழுத உட்கார்ந்தபோது, நூலில் அவர் கொண்டாடும் தலைநகரம் குடும்பத்தின் கையில் இல்லை. இதை மனதில் வைத்து வாசித்தால் நூலின் குரல் மாறிக் கேட்கிறது. வெற்றிபெற்றவரின் குரல் என்று நினைத்தது, நிலம் கைநழுவிப்போன ஒருவரின் குரலும்தான். அந்த இடத்தில் அவர் கானுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஆனால் கானின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கான் விற்றால் குணக்கேடு, சொந்தக்காரர் விற்றால் போர், அபராதம், காலக்கொடுமை. நூலின் மிகப் பெரிய தோல்வி என்று நான் நினைப்பது இதைத்தான். அறிவு போதாமையால் நேர்ந்த தோல்வி அல்ல இது. தனக்கு நேர்ந்ததே இன்னொருவருக்கும் நேர்ந்தது என்பதைக் காணத் தேவையான ஒரு அடியை அவர் எடுத்து வைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் நடந்த விசித்திரம் ஒன்று உண்டு. விற்றவரின் அப்பா, அதாவது வில்லியமின் பெரியப்பா மகன், சிறுவயதில் விழுந்து விலா உடைந்தவர். காயம் சீழ் பிடித்து ஆறியபோது இடது மார்பில் ஓட்டை நின்றுவிட்டது. உள்ளே இதயம் துடிப்பது தெரியும். மேலே ஒரு தகடு வைத்து மூடிக்கொள்வார். ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி அந்த இளைஞரைப் பரிசோதித்து, முதலாம் சார்ல்ஸ் அரசரிடம் அழைத்துப்போனார். அரசர் விரலால் இதயத்தைத் தொட்டார். தொடுவதை அந்த இளைஞரால் உணர முடியவில்லை. இதயத்துக்குத் தொடுவுணர்ச்சி இல்லை என்று ஹார்வி 1651-இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். குறியீடு தேடுகிறவர்களுக்கு இது பெரிய விருந்து. எனக்கு அந்த ஆசை இல்லை. அந்த மனிதர் அந்த ஓட்டையோடுதான் படை நடத்தி, தோற்று, ஹாலந்துக்கு நாடுகடத்தப்பட்டு, திரும்பி வந்து, 1663-இல் இறந்தார். குடியேறியவர்களும் வலியோடு வாழ்ந்த மனிதர்கள்தான் என்பதற்கு இந்தச் சம்பவம் போதும். அதைச் சொல்ல வில்லியமுக்கு முழு உரிமை இருக்கிறது. எட்டு வயதில் வீட்டை விட்டு ஓடிய பையனின் பயம் பொய்யல்ல.

அதனால்தான் இந்த நூலை வாசிப்பது கஷ்டமாகவும் அவசியமாகவும் இருக்கிறது. கொடுமைக்காரன் எழுதிய நூல் என்றால் எளிது, மூடி வைத்துவிடலாம். இது நல்ல மனிதர் ஒருவர், பாட்டியை நேசித்து, கிழவர்களை மதித்து, ஊரின் ஒவ்வொரு சுவரையும் தெரிந்து எழுதியது. நம் தலைமுறையில் பலர் குடும்பக் கதையை எழுத ஆசைப்படுகிறோம். தாத்தா வெறும் கையோடு வந்து மண்ணைப் பொன்னாக்கினார் என்று தொடங்குவது சுகமான தொடக்கம். அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அவர் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, அதற்கு என்ன ஆயிற்று என்று அடுத்த வாக்கியத்தில் கேட்கிறோமா என்பதில்தான் எழுத்தாளரும் வாரிசும் பிரிகிறார்கள். வில்லியம் கடைசிவரை வாரிசாகவே இருந்தார். அவருக்குள் இருந்த எழுத்தாளர் அவ்வப்போது தப்பித்து வந்து மரத்தின் வயதைக் குறித்துவைத்துவிட்டுப் போனார்.

காசல்ரே குன்றில் ஓநீல்கள் தங்கள் தலைவருக்குப் பட்டம் கட்டும்போது உட்காரவைக்கும் கல் நாற்காலி ஒன்று இருந்தது. கோட்டை இடிந்தபின் அதைப் பெல்ஃபாஸ்ட்டுக்குக் கொண்டுவந்து வெண்ணெய்ச் சந்தையின் சுவரில் பதித்துவைத்தார்கள். இன்று அது அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் ஓடும் கான்ஸ்வாட்டர் என்ற சிற்றாறு கானின் பெயரால் வந்தது என்கிறார்கள். நூலை எடுக்கிறவர்கள் ஹில்லின் 1869 பதிப்பையே எடுங்கள். மேலே உள்ள நாலு வரியை ரசித்துப் படியுங்கள், பிறகு கீழே உள்ள சின்ன எழுத்துக்களுக்கு இறங்குங்கள். கானைப் பற்றி மிச்சமிருப்பதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.